துன்பம் கண்ட நீதிபதி



அடிபட்ட சிறுவனை வகுப்புத் தலைவனாக்கினால் அவன் கை முதலில் பிரம்பையே நாடும். ஆசிரியப் பணியில் இதனைப் பன்முறை கண்டவன் நான். ஆதலின், தாமஸ் பர்கெந்தால் என்னும் நீதிபதியின் வாழ்க்கை எனக்குப் பெருவியப்பை அளிக்கின்றது.

1934-ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார் அவர். பத்து வயதில் பெற்றோருடன் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்; அங்கே இருவரையும் பிரிந்தார். 1945 சனவரியில் நாஜிகள் கைதிகளை உறைபனியில் நாட்கணக்காக நடத்திச் சென்றனர். அக்கொடுமையால் சிறுவன் கால்விரல்கள் இரண்டை இழந்தான். தந்தை வேறொரு முகாமில் மாண்டார். தாயை மீண்டும் கண்டது 1946-இல்.

பின்னர் 1951-இல் அமெரிக்கா சென்று, சட்டம் பயின்று, பேராசிரியரானார். 1979 முதல் 1991 வரை, அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கென அமைந்த மனித உரிமை நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். அது கோஸ்டாரிகா நாட்டின் சான் ஹோசே நகரில் உள்ளது.

அக்காலத்தில் அந்நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்றைக் கூறுவேன். ஹோண்டுராஸ் நாட்டில் 1981-இல் மான்ஃப்ரெடோ வெலாஸ்கஸ் என்னும் மாணவர் பிடித்துச் செல்லப்பட்டார், வீடு திரும்பவேயில்லை. அரசு பொறுப்பேற்க மறுத்தது. சாட்சி சொன்ன ஒருவரும், சாட்சிக்கு அழைக்கப்பட்ட ஒருவரும் 1988 சனவரியில் கொலையுண்டனர். எனினும் விசாரணை நிற்கவில்லை. தடயங்களை அழிப்பதே இக்குற்றத்தின் இயல்பாதலால் சூழ்நிலைச் சான்றுகளும் ஏற்கத்தக்கன என்று கண்ட நீதிமன்றம், அவ்வாண்டு சூலையில் அரசே பொறுப்பாளி எனத் தீர்ப்பளித்தது. குற்றத்தைத் தடுத்தலும், புலனாய்தலும், தண்டித்தலும் அரசின் கடமை என்றும் வகுத்தது.

மறு ஆண்டு அதே அரசின்மீது மற்றொரு வழக்கு. காணாமற் போனவர்கள் கோஸ்டாரிகாவைச் சேர்ந்த இருவர். அங்கே சான்று போதவில்லை. எனவே ஹோண்டுராஸைப் பொறுப்பாக்க நீதிமன்றம் மறுத்தது. காணாமற் போனோரின் குடும்பங்கள் எத்துணை வருந்தியிருக்கும்! ஆயினும் சான்றில்லாத இடத்தில் சினத்தைக் கொண்டு தீர்ப்பெழுதினால், அது நீதிமன்றமாகுமா?

பர்கெந்தால் 2000 முதல் 2010 வரை தி ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்திலும் பணியாற்றினார், 2023-இல் மறைந்தார். விசாரணையே இன்றித் தண்டிக்கப்பட்ட சிறுவன், வளர்ந்தபின் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பளிக்கும் இருக்கையை நாடினான். இளைஞர்களே, உங்களுக்குத் தீங்கிழைத்தவன் எதிரே நிற்கும் நாளில் இதனை நினைவிற் கொள்ளுங்கள். அவனுக்கும் பேச ஒரு வாய்ப்பளியுங்கள்.