தொழிலகப் பொறியியல் கற்பிப்பது யாது?



பொறியியல் கல்லூரியில் சேர விழையும் மாணவர் பலர், தொழிலகப் பொறியியல் என்னும் பெயரைக் கண்டதும் தயங்குகின்றனர். கட்டடப் பொறியியல் பயின்றால் பாலம் கட்டலாம். மின்பொறியியல் பயின்றால் மின்விசை ஆக்கலாம். இதனைப் பயின்று எதனைச் செய்வது என்பது அவர்தம் ஐயம். கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டில் வாழும் மாணவர்க்கோ அவ்வையம் இன்னும் மிகும். "ஆலைச் சங்கொலி கேளாத எங்கள் மலைக்கும் தொழிலகத்துக்கும் என்ன உறவு?" என்று அவர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. அம்மலையைக் கொண்டே விடை கூற முயல்கிறேன்.

கொல்லிமலை மக்களின் பழைய உணவுகளுள் ஒன்று சாமை. அதன் மணி மிகச் சிறியது. உமியோ எளிதில் நீங்காதது. மகளிர் அதனை உரலிலிட்டுக் குற்றி, முறத்தாற் புடைத்து, மீண்டும் குற்றி, மீண்டும் புடைத்தே அரிசி காண வேண்டியிருந்தது. பின்னர் மலையில் மரவள்ளிச் சாகுபடி பரவிற்று. சாமை விளைந்த நிலம் சுருங்கிற்று. சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சவ்வரிசி ஆலைகள் கிழங்கை விலைக்கு வாங்கியமை அதற்கு ஒரு பெருங்காரணம். குற்றும் வேலையின் கடுமையும் மற்றொரு காரணமாயிற்று. வயலிலே வறட்சிக்கு ஈடுகொடுத்து நின்ற பயிர், உரலருகே வந்து இளைத்தது என்க. 1988-இல் தோன்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இக்குறையை உணர்ந்து, மலையூர்களில் சிறுதானிய அரவை இயந்திரங்களை அமைத்து, மகளிர் உதவிக் குழுக்கள் அவற்றை நடத்துமாறு செய்தது.

இயந்திரத்தை வடிவமைப்பவர் இயந்திரப் பொறியாளர். அதனை எவ்வூரில் வைப்பது? நாளொன்றுக்கு எத்துணைத் தானியம் வரும்? மூட்டையுடன் வந்தவர் எவ்வளவு நேரம் காத்திருப்பர்? பழுது நேர்ந்தால் மாற்றுவதற்கு எவ்வெவ்வுறுப்புகளை வாங்கி வைத்திருக்க வேண்டும்? கூலி எவ்வளவாயின் செலவுக்குக் கட்டும்? இவற்றை ஆராய்வது தொழிலகப் பொறியாளரின் கடமை. ஆள், பொருள், இயந்திரம், காலம், பணம் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருந்த அமைக்கும் கலையே இது. ஆலைக்கு மட்டுமன்று, மருத்துவமனைக்கும் பேருந்து நிலையத்துக்கும் இது வேண்டப்படுகிறது. பெயர்தான் சற்றுக் குறுகியது.

1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்கும் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இப்பாடத்துக்கெனத் தனித் துறை உண்டு. இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டுகள். முதலில் கணிதம், இயற்பியல், வேதியியல், பொறியியல் வரைபடம், பட்டறைப் பயிற்சி ஆகியவை. இவை பிற துறையினர்க்கும் பொது. உலோகத்தை வார்த்தல், கடைதல், பற்றவைத்தல் முதலியவற்றையும் கற்ற பின்னரே தனிவழி தொடங்குகிறது.

அவ்வழியின் முதற்படி வேலை ஆய்வு. அமெரிக்கராகிய பிராங்க் கில்பிரத் இளமையிற் கொத்துவேலை கற்றவர். ஒரு செங்கல்லை வைப்பதற்குக் கொத்தனார் 18 அசைவுகள் செய்வதை அவர் எண்ணிப் பார்த்தார். கல்லுக்குக் கல் கீழே குனிந்து நிமிர்வது வீண் உழைப்பு எனக் கண்டு, சுவர் உயர உயரத் தானும் உயர்த்தப்படும் சாரம் ஒன்றை அமைத்தார். அசைவுகள் ஏறத்தாழ 5 ஆகக் குறைந்தன. அவர் மனைவியார் லில்லியன் உளவியல் வல்லுநர். சமையலறை வேலையையும் இக்கண்கொண்டு ஆராய்ந்தவர். என் கருத்தில், இத்துறை மாணவர் முதலிற் கற்க வேண்டியது இவ்விருவர் வரலாறே.

அடுத்துப் புள்ளியியல். பண்டத்தின் தரம் பிறழ்வதை வரைபடத்தால் உடனுக்குடன் அறியும் முறையை வால்டர் ஷூவர்ட் என்பார் 1924-இல் வகுத்தார். அதன்பின் செயல்முறை ஆராய்ச்சி என்னும் பாடம் வருகிறது. மாணவர் அஞ்சுவதும் இதற்கே. அஞ்சுவானேன்? மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கினால் சில நாட்களிலேயே கெடத் தொடங்கும். 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து அது சமவெளி ஆலைக்குச் சேர வேண்டும். எல்லா லாரிகளும் ஒரே நாளிற் சென்றால் ஆலை வாயிலில் வரிசையில் நின்று கிழங்கு வீணாகும். ஒன்றிரண்டே சென்றால் ஆலை சும்மா கிடக்கும். எந்நாளில் எத்தனை அனுப்புவது? தொலைபேசி அழைப்புகள் காத்திருக்கும் வரிசையைப் பற்றி டென்மார்க்கு நாட்டு எர்லாங் 1909-இல் வெளியிட்ட கணிதத்திலிருந்து வளர்ந்த முறைகள் இதற்கும் துணை செய்கின்றன.

இத்துறையின் வரலாற்றில் கசப்பான பகுதியும் உண்டு. பிரெடரிக் டெய்லர் நிறுத்துக் கடிகாரங்கொண்டு வேலையை அளக்கும் முறையைப் பரப்பினார். 1911-இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் அம்முறை புகுந்தபோது, வார்ப்புத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அரசுப் படைக்கலச் சாலைகளில் அவ்வாறு அளப்பதற்குப் பின்னர்த் தடையும் வந்தது. மிச்சமான நேரம் யாருக்குச் சேரும் என்பதே அன்று எழுந்த வழக்கு. முதலாளிக்கு மிகுந்த உற்பத்தி, தொழிலாளிக்கு மிகுந்த களைப்பு என்றாகுமாயின் அந்த அளவை யார் ஏற்பர்? இன்று பாடத்திட்டத்தில் உடலியக்கத்துக்கு ஏற்ற பணிச்சூழல், தொழிற்பாதுகாப்பு ஆகியவை இடம்பெற்றுள்ளன. தேர்வில் இவை எளியவை என்று மாணவர் மேலோட்டமாகப் படிப்பதுண்டு, அது பொருந்தாது.

இறுதியாண்டில் மாணவர் ஓரிடத்தைத் தேர்ந்து, அங்குள்ள சிக்கலை ஆராய்ந்து, அறிக்கை எழுத வேண்டும். பெரும்பாலோர் பெரிய ஆலைகளையே நாடுவர். திண்ணனூர் நாட்டிலிருந்து செல்லும் மாணவி ஒருத்தி சாமை அரவை நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு படி சாமையைக் கையாற் குற்ற எத்தனை நிமிடம், இயந்திரத்தில் எத்தனை நிமிடம், நிலையத்துக்கு நடந்துபோய்த் திரும்ப எத்தனை நிமிடம், நொய்யாகப் போவது எவ்வளவு, மின்சாரம் நின்ற நாளில் மூட்டையோடு திரும்பியவர் எத்தனை பேர் என்று அவள் குறிக்க வேண்டியிருக்கும். மிச்சமான நேரத்தில் அப்பெண்கள் என்ன செய்கின்றனர் என்பதையும் கேட்டு எழுதட்டும். அதற்குரிய கட்டம் அச்சிட்ட படிவத்தில் இல்லையாயின் அவளே ஒன்று வரைந்துகொள்ளலாம்.