நாள் கடந்த பேறுகாலம்

(ஆண்டு விழாவை ஒட்டி நடந்த மாதர் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாட்டும் நாட்டியமும் காண வந்திருக்கும் உங்களிடம் பேறுகாலத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அம்மையார் என்னைப் பணித்தார். தந்திருப்பது கால் மணி நேரம். ஆகவே, குறித்த நாள் கடந்தும் வலி காணாத தாய்மாரைப் பற்றி மட்டும் கூறி அமைகிறேன்.

பத்து மாதம் சுமந்ததாக நம் பாட்டிமார் கூறுவர். ஒன்பது மாதம் என்பர் ஆங்கில முறை மருத்துவர். இரண்டும் ஒன்றே. இருபத்தெட்டு நாள் கொண்ட மாதங்கள் பத்து என்றால் 280 நாள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் அதே நாள் வரும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. ஹைடல்பர்க் நகரில் பேராசிரியராக விளங்கிய நேகலே என்பவர் பெயரால் இக்கணக்கு வழங்குகிறது. ஆயினும், குழந்தைகள் கணக்குப் படித்துவிட்டுப் பிறப்பதில்லை! குறித்த அந்நாளிலேயே பிறப்பவை நூற்றுக்கு நான்கைந்துதான். 42 வாரம், அதாவது 294 நாள், நிறைந்தால்தான் நாள் கடந்த கர்ப்பம் என்று நாங்கள் சொல்வோம்.

கடந்துவிட்டதாக எண்ணுவதிற் பல உண்மையில் கடந்தவை அல்ல. முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்குக் கரு ஒரு வாரம் பிந்தியே தங்கும். இக்குழப்பத்தைத் தீர்ப்பது முதல் மூன்று மாதத்துள் எடுக்கும் ஸ்கேன். கடைசி மாதங்களில் எடுப்பது இரண்டு மூன்று வாரம்கூடப் பிழைபடலாம்.

இங்கேதான் வெளியூர்த் தமிழராகிய நமக்கு ஓர் இடர். வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்கு ரயிலேறுகிறாள். பட்டுப்புடவை பெட்டியில் போகிறது. முதல் ஸ்கேன் காகிதம் இங்கே அலமாரியில் தங்கிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆறு மாதம் காட்டிவந்த பெண் அவ்வாறே சென்றாள். பாட்டியார் தமிழ் மாதத்தை எண்ணி, இன்னும் இரு வாரம் இருப்பதாகச் சொன்னார். ஒரு நாள் குழந்தையின் அசைவு குறைந்தது. உறங்குகிறது என்று இருந்துவிட்டனர். மறுநாட் காலை மருத்துவமனையில் இதயத்துடிப்பு இல்லை. என் ஏட்டின்படி அன்று 42 வாரமும் ஒரு நாளும். காகிதத்தைக் கேட்டுக் கொடுத்தனுப்பாத குற்றம் எனக்கும் உண்டு. அன்று முதல், ஊருக்குப் புறப்படும் ஒவ்வொரு பெண்ணின் ஏட்டு மேலட்டையிலும் நாளைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தருகிறேன்.

நாள் மிகுந்தால் நேர்வது என்ன? நஞ்சுக்கொடி தளர்கிறது, பனிக்குட நீர் குறைகிறது, குழந்தை உள்ளேயே மலங்கழித்து அதை மூச்சில் இழுத்துக்கொள்ளலாம். பெருத்துவிட்டால் தோள் சிக்கும். இவை எல்லோருக்கும் நேர்வன அல்ல. பெரும்பாலோர் நலமாகவே பெறுகின்றனர். எனினும் அபாயம் வாரந்தோறும் ஏறுகிறது.

ஆதலால், நாள் உறுதியாகத் தெரிந்தவர்க்கு 41 வாரம் நிறைந்ததும் வலியை வரவழைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கருப்பை வாயைக் கனியவைக்கும் மருந்து, அல்லது சிறு பலூன். பின்னர் வேண்டுமானால் ஆக்ஸிடோசின் சொட்டு. "ஊசி போட்டால் ஆபரேஷன்தான்" என்று அஞ்சுவோர் பலர். ஸ்வீடனில் ஏறக்குறைய 2,760 பெண்களைக் கொண்டு நடந்து 2019இல் வெளிவந்த ஆராய்ச்சியில், 41 வாரத்தில் வலி வரவழைத்தோர்க்கும், 42 வரை காத்திருந்தோர்க்கும் அறுவை அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் காத்திருந்தோர் பகுதியில் ஆறு குழந்தைகள் இறந்தன. மற்றதில் ஒன்றும் இல்லை. ஆராய்ச்சியை இடையிலேயே நிறுத்திவிட்டனர்.

காத்திருக்க விரும்புவோர் வாரம் இருமுறையேனும் இதயத்துடிப்பும் நீரளவும் பார்த்துக்கொள்ள வேண்டும். சீரகக் கஷாயம் கேடு செய்யாது. விளக்கெண்ணெய் வேண்டாம், பேதியால் தாய்தான் தளர்வாள். நல்ல நட்சத்திரம் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. மருத்துவர் குறிக்கும் இரண்டு மூன்று நாளுக்குள் பாருங்கள். அசைவு குறைந்தாலோ, நீர் உடைந்தாலோ, அட்டமி நவமி பாராமல் அந்நேரமே புறப்படுங்கள், நள்ளிரவானாலும்.

கோலாட்டக் குழந்தைகள் திரைக்குப் பின்னே பொறுமையிழந்து நிற்கின்றனர். ஐயமுள்ளோர் ஏட்டை எடுத்து வந்திருந்தால், இடைவேளையில் என்னிடம் காட்டலாம்.