ஆவணத்தில் ஒருவர், ஏரடியில் ஒருவர்

(ஊர்த் தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பேச்சு வழக்கொழிந்திருந்த எபிரேயத்தை யூதர் மீண்டும் வீட்டுமொழியாக்கிய வீற்றினை நம் மேடைகள் பலகாலும் போற்றியுள்ளன. 1881இல் எருசலேமில் குடியேறித் தம் மகனை எபிரேயமே பேசி வளர்த்த பென் எகூதாவை நானும் வகுப்பறையில் பாராட்டியவனே. ஆயின், அம்மொழி மீண்டும் வேர்கொண்ட மண்ணை அதற்குமுன் உழுதவர் யாவர் என நாம் வினவியதில்லை. இன்று வினவுவோம்.

பண்டை மண்ணின் நினைவு யூதர்க்கு இருந்தது மெய்யே. எனினும் அவர்களைத் துரத்தியது அச்சம். 1881இல் உருசியப் பேரரசன் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட, பழி யூதர்மேல் விழுந்தது. கொலையும் கொள்ளையும் தொடர்ந்தன. பெரும்பாலோர் அமெரிக்காவிற்கு ஓடினர். சிலர் 1882 முதல் பாலத்தீனம் புகுந்தனர். 1924இல் அமெரிக்கா கதவை அடைத்தது. 1933இல் செருமனியில் இட்லர் ஆட்சியேறினான். 1935இல் மட்டும் பாலத்தீனம் வந்தோர் 60,000க்கும் மேற்பட்டோர். போக்கிடமற்று வந்தவரைப் பழிக்க எனக்கு நா எழவில்லை.

சிக்கல் ஆவணத்தில் இருந்தது. 1858இல் துருக்கிப் பேரரசு, நிலத்தைப் பெயர்ப்பதிவு செய்க என்று சட்டம் இயற்றிற்று. பதிந்தால் வரி வரும், மகனைப் படைக்கு இழுப்பர் என்று அஞ்சிய உழவர் பலர் வாளாவிருந்தனர். நகரத்துச் செல்வர் பெயரில் ஊர்நிலங்கள் ஏறின. எசுரவேல் பள்ளத்தாக்கில் பெரும்பகுதி, பெய்ரூத்து வணிகராகிய சுர்சோக்குக் குடும்பத்தார் கைக்குப் போயிற்று. உழவர்க்கோ உடனடியாக ஒன்றும் மாறவில்லை. வாரம் அளந்தனர், உழுதனர். உடையவன் பெயர் மாறினாலும் உழுபவன் மாறுவதில்லை என்பதே அவர்கள் கண்ட நடைமுறை.

1901இல் தோன்றிய யூத நாட்டின நிதியம் அந்நடைமுறையை முறித்தது. அது வாங்கிய நிலம் யூத இனத்தின் நிலைத்த பொதுவுடைமை, மீள விற்கலாகாது. பின்னர், அந்நிலத்தில் யூதரே உழைக்கவேண்டும் என்பதும் குத்தகை விதியாயிற்று. தம் கையால் உழுது வாழவேண்டும் என்பது அவர்தம் உயர்ந்த கொள்கைதான். ஆனால், அக்கொள்கையால் வெளியேறியவன் பழைய வாரக்குடியே. 1910இல் பூலா ஊர் விற்கப்பட்டபோது, நாசரேத்துப் பகுதி ஆட்சியர் சுக்ரி அல் அசலி அதனை எதிர்த்து நின்றார், விற்பனை நின்றபாடில்லை. 1920களின் முற்பாதியில் பள்ளத்தாக்கின் பெருநிலங்கள் கைமாறின. குடிகளிற் சிலர்க்கு ஈட்டுப்பணம் தரப்பட்டது. பணம் எத்தனை நாளைக்கு? நிலமிழந்தோர் பலர் ஐபா துறைமுகத்துத் தகரக் குடிசைகளில் கூலிகளாயினர். அவர்களிடையேதான் அல் கசாம் என்பார் போர்க்குரல் எழுப்பினார். 1935இல் ஆங்கிலேயரால் சுடப்பட்டு மாண்டார். அடுத்த ஆண்டு நாடே கிளர்ந்தது.

ஆங்கிலேயர் செய்ததையும் சொல்லவேண்டும். 1917இல் பால்பர், யூதர்க்கு அங்கொரு நாட்டகம் அமையத் துணைபுரிவோம் என எழுதித் தந்தார். ஆங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்பதின்மர் அரபியர். அவர்களை ஒருசொல் கேட்டாரில்லை. 1930இல் அவ்வரசே அனுப்பிய ஓப் சிம்சன், அரபு உழவரின் நிலமின்மையை எடுத்துரைத்தார். அதனையொட்டி அறிவித்த கட்டுப்பாட்டை மறு ஆண்டே தலைமையமைச்சர் மக்டொனால்டின் மடல் ஒன்று நீர்த்துப்போகச் செய்தது.

1947இல் மக்களில் மூன்றிலொரு பங்கினரான யூதர் விலைக்கு வாங்கியிருந்த நிலம் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு. ஒன்றிய நாடுகள் அவையின் பிரிவினைத் திட்டம் அவர்க்கு ஒதுக்கியதோ 55 பங்கிற்கும் மேல். அரபியர் மறுத்தனர், போர் மூண்டது. ஏறத்தாழ 7 இலக்கம் அரபியர் ஏதிலியராயினர். அதன்பின் ஈராக்கு, ஏமன், மொராக்கோ நாடுகளினின்று யூதரும் இலக்கக்கணக்கில் வீடிழந்து இசுரேல் சேர்ந்தனர் என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

1950இல் இசுரேல் ‘இல்லாதார் உடைமைச் சட்டம்’ இயற்றியது. போர்க்காலத்தே தம் ஊரைவிட்டு அடுத்த ஊரில் ஒதுங்கியிருந்து, அந்நாட்டுக் குடிமக்களாகவே ஆகிவிட்ட அரபியர் பலரும் அதன்படி ‘இல்லாதார்’ ஆயினர், நிலம் போயிற்று. எண்ணிப் பாருங்கள்! பெய்ரூத்தில் இருந்த வணிகன் அன்று உடைமையாளன். கூப்பிடு தொலைவில் நின்று தன் ஒலிவ மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த உழவன் இன்று ‘இல்லாதவன்’.

1976 மார்ச்சு 30ஆம் நாள், கலிலேயாவில் மேலும் நிலம் பறிக்கப்படுவதை எதிர்த்து எழுந்தவருள் அறுவர் கொல்லப்பட்டனர். அந்நாளை ‘நிலநாள்’ என ஆண்டுதோறும் அம்மக்கள் நினைவுகூர்கின்றனர்.