இருமலோடு பாடிய ரயில் தொழிலாளி
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காசநோயைப் பற்றிப் பேசும்படி கிளைச் செயலவை நம்மைப் பணித்திருக்கிறது. கிருமி, சளி, எக்ஸ்ரே என்று தொடங்கினால் பின்வரிசையில் உள்ளவர்கள் தேநீர்க் கடைக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆகவே பாட்டுக்காரர் ஒருவரின் கதையைச் சொல்ல வந்தோம். அவரும் நம்மைப்போல் கூலிக்கு உழைத்தவரே.

அவர் பெயர் ஜிம்மி ராட்ஜர்ஸ். 1897இல் அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். தந்தையார் தண்டவாள வேலைக் கூட்டத்தை மேய்த்தவர். நம் பேச்சில் சொன்னால் தண்டல். சிறுவயதில் ஜிம்மி அந்தக் கூட்டத்துக்குத் தண்ணீர் சுமந்தார். சம்மட்டி பிடித்த கறுப்பினத் தொழிலாளர் வேலையோடு வேலையாகப் பாடிய பாட்டுகளே அவருக்குப் பள்ளிக்கூடம். வளர்ந்தபின் ரயிலில் பிரேக் பிடிக்கும் வேலை. மழையும் குளிரும் கரிப்புகையும்தான் கூட்டாளிகள்.

1924இல் இரத்தம் கக்கினார். காசநோய் என்று தெரிந்தது. வயது முப்பதுகூட ஆகவில்லை. அன்று அந்நோய்க்கு மருந்து கிடையாது. ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு என்று மருத்துவர்கள் சொல்வார்கள். ஓய்வெடுத்தால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லையேல் நல்ல சாப்பாடு ஏது? சில காலம் ரயில் வேலையையே இழுத்துப் பிடித்துப் பார்த்தார். உடம்பு இடங்கொடுக்கவில்லை. கிட்டாரே பிழைப்பாயிற்று.

1927 ஆகஸ்டில், டென்னசி மாநிலம் பிரிஸ்டல் நகரில், விக்டர் கம்பெனிக்காக முதல் இசைத்தட்டுப் பாடினார். அவ்வாண்டின் இறுதியில் பதிவான 'புளூ யோடல்' அவரை நாடறியச் செய்தது. யோடல் என்பது நெஞ்சுக் குரலிலிருந்து சட்டென்று மெல்லிய மேல்குரலுக்குத் தாவித் திரும்பும் பாட்டு. நல்ல உடம்புக்காரருக்கே மூச்சு வாங்கும். காசநோயோ நுரையீரலை அரித்துக் குழி விழச் செய்வது. குழியோரத்து இரத்தக்குழாய் அறுந்தால் வாய்வழியே இரத்தம் வரும். அப்படிப்பட்ட நெஞ்சை வைத்துக்கொண்டு ஆறே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளைப் பதிவு செய்தார்!

இன்னொன்று நம்மைக் கவர்ந்தது. அந்நோயின் பெயரை வீட்டார் வெளியே சொல்லக் கூசிய காலம் அது. 1931இல் அவர் 'டி.பி. புளூஸ்' என்று நோயின் பெயரையே தலைப்பாக வைத்துப் பாடி இசைத்தட்டாக்கினார். அதே ஆண்டு தொடக்கத்தில், வறட்சியில் வாடிய மக்களுக்காக நிதி திரட்ட ஊர் ஊராகச் சென்று பாடினார். நோயாளிதான் ஊருக்கு உதவினார்.

1933 மே மாதம் நியூயார்க் சென்றார். பாட்டுக்கூடத்தில் அவருக்கென ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். அந்நாளைய இசைத்தட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். பாடுவார், படுப்பார், எழுந்து மீண்டும் பாடுவார். 24ஆம் தேதி கடைசிப் பாட்டு. 26ஆம் தேதி ஓட்டல் அறையில் உயிர் நீத்தார். வயது 35. அவர் உடல் ரயிலிலேயே மெரிடியன் நகருக்குத் திரும்பியது.

கடைசி மூச்சுவரை பாடினார் என்று இதைப் பெருமையாக எழுதுகிறார்கள். நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. குடும்பத்துக்கு நாலு காசு சேர்த்து வைக்கும் கவலையும் அந்தக் கட்டிலருகே நின்றது. காய்ச்சலோடு பெரட்டுக்கு வந்து, இருமிக்கொண்டே நிரையை முடிப்பவரை 'நல்ல ஆள்' என்று மெச்சுகிறோமே, அதுவும் இதைப் போன்றதுதான்.

அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 1943இல், ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. மலைமேல் சானடோரியத்தில் படுத்தால்தான் குணமாகும் என்ற எண்ணத்தை உடைத்தது நம் சென்னை. 1956இல் தொடங்கிய ஆராய்ச்சியில், நெரிசலான ஏழை வீடுகளில் இருந்து மருந்து உண்டவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமாயினர். 1959இல் அந்த முடிவு வெளியாயிற்று. லயத்து வீட்டிலிருந்தே குணமாகலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. இரண்டாம் மாதமே உடம்பு தேறிவிடும். அங்கேதான் பலர் மருந்தை நிறுத்திக் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்கக் கேளுங்கள்.

கிருமி ஒழிந்தாலும் சிலருக்கு நுரையீரலில் தழும்பு நின்று, மேடு ஏறினால் மூச்சு வாங்கும். அவர் சமதரை நிரை கேட்டால் அது சோம்பல் அல்ல.

கிராணிமாரே! நம் செக்ரோலில் வந்தவர், வராதவர் என்றுதான் குறிக்கிறோம். வராததன் காரணத்தை எழுதக் கட்டம் இல்லை. ஆனால் சட்டத்தில் உண்டு. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவச் சீட்டோடு வருபவருக்குச் சம்பளத்துடன் ஆண்டுக்கு 14 நாள், இரண்டாண்டு வேலை செய்தவருக்கு 18, ஐந்தாண்டுக்காரருக்கு 22, மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை. இதில் ஐயம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் வரலாம். சட்டப் புத்தகம் இந்த மேசைமேல்தான் இருக்கிறது.