பெரட்டுக்கு முன் ஒரு விண்மீன்

தென்மேற்குப் பருவமழையை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளே பெரும்பாலும் வாங்கிக்கொள்ள, பதுளை, பசறைத் தோட்டங்களுக்கு வறண்ட காற்றே மிஞ்சுகிறது. ஊவாக் கொழுந்திற்கு மணம் கூட்டும் அக்காற்று வானத்தையும் துடைத்து வைக்கிறது. பெரட்டுக்குச் செல்வோர் விழித்தெழும் நாலரை மணி, ஆகஸ்ட் நடுப்பகுதியில், ஓர் அயல் விண்மீனைக் காண ஏற்ற வேளையாகும்.

அதன் பெயர் எப்சிலன் எரிடானி. சோதிடத்தின் 27 நட்சத்திரங்களுள் அதற்கு இடமில்லை. திருமணப் பொருத்தம் பார்ப்போரும் அதனை வினவுவதில்லை. ஆயினும் வெறுங்கண்ணுக்குத் தெரிவனவற்றுள், ஆல்பா செண்டாரி, சிரியஸ் ஆகியவற்றை அடுத்து, நமக்கு மிக அண்மையில் உள்ளது அதுவே. அதன் ஒளி இங்கு வந்துசேர ஏறத்தாழ 10½ ஆண்டுகள் ஆகும். பத்தரை வயதுப் பிள்ளையொன்று அதனை நோக்குமாயின், கண்ணில் விழும் ஒளி அப்பிள்ளை பிறந்த நாட்களிற் புறப்பட்டதாகும்.

நிலவில்லாத நாளில் லயத்து வாசல் விளக்கை அணைத்து, கால்மணி நேரம் இருளில் நிற்றல் வேண்டும். இடையில் கைபேசியைப் பார்த்தால், மீண்டும் கால்மணி காத்திருக்க நேரும். கிழக்கே ஓரியன் கூட்டம் எழுந்திருக்கும். நடுவில் வரிசையாய் மூன்று விண்மீன்கள். இடப்புறம் செந்நிறத் திருவாதிரை, வலப்புறம் நீலவெண்மையான ரைஜல். ரைஜலிலிருந்து உச்சிவானை நோக்கி, சற்றே வலம் சாய்ந்து, நீட்டிய கையின் முட்டியால் இரண்டரை முட்டி அளந்தால், இரு மங்கிய விண்மீன்கள் அருகருகே தென்படும். முதலில் எதிர்ப்படுவது டெல்ட்டா. சிறிது ஒளி மிகுந்தது. பலரும் அதனிடமே ஏமாந்துவிடுவர். அதற்கு அப்பால் இருப்பதே நாம் தேடுவது.

அதன் ஆரஞ்சு நிறம் வெறுங்கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. மங்கிய ஒளியில் நிறத்தை அறியும் ஆற்றல் கண்ணுக்குக் குன்றிவிடுகிறது. இருகண் நோக்கியின் குவியத்தைச் சிறிது கலைத்தால், புள்ளி வட்டமாய் விரிந்து நிறம் காட்டும். ரைஜலைப் பார்த்த உடனே இதனைப் பார்த்தால் வேறுபாடு நன்கு தெளியும். சூரியனைவிடக் குளிர்ந்தது என்பதே அந்நிறத்திற்குக் காரணம். ஒளியும் சூரியனின் மூன்றில் ஒரு பங்கே. வயதோ நூறு கோடி ஆண்டுகளுக்கும் குறைவு.

வானொலி கேட்போருக்கு மற்றொரு செய்தியும் உண்டு. 1960 ஏப்ரலில், அமெரிக்காவின் கிரீன் பாங்கில், பிராங்க் டிரேக் என்னும் அறிஞர் 26 மீட்டர் வானொலித் தொலைநோக்கியை இவ்விண்மீன்மீது திருப்பி, அங்கிருந்து எவரேனும் பேசுகின்றனரா எனச் செவிமடுத்தார். முதல் நாளிலேயே வலிய துடிப்பொன்று கேட்டது! அது பூமியிலிருந்தே எழுந்ததெனப் பின்னர்த் தெளிந்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

விடியலில் எழ இயலாதோர் பெப்ரவரித் தொடக்கத்தில், இரவு ஏழரை மணிக்கு, உச்சிக்குச் சற்றுத் தெற்கே அதனைத் தேடலாம், முகில் விலகினால்.