பந்தியில் தெரியும் கொள்கை

கட்டுரை படிக்கப் பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் வந்திருக்கிறீர்கள். விடுமுறை நாளையும் விட்டுக்கொடுத்துவிட்டு வந்த பள்ளி ஆசிரியர்கள் வழக்கம்போல் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆசிரியரின் அறநோக்கும் அவரவர் கற்பித்தல் கொள்கையும் என்பது இந்த இரண்டு நாள் கருத்தரங்கின் பொருள். கட்டுரைச் சுருக்கங்களை அமைப்பாளர்கள் எனக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். ஒன்றுவிடாமல் படித்தேன். பெரும்பாலானவை ‘கல்வி என்பது’ என்று தொடங்குகின்றன. விவேகானந்தரைத் தொட்டு, கோத்தாரி குழுவைத் தொட்டு, தேசியக் கல்விக் கொள்கையில் வந்து நிற்கின்றன. இந்த வழி எனக்குப் பழக்கமானதுதான். கல்லூரிகளில் இப்போது பதவி உயர்வுக் கோப்பிலும், நாக் தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டுகிற கோப்பிலும் ‘என் கற்பித்தல் கொள்கை’ என்று ஒரு பக்கம் இருந்தாக வேண்டும். ஒரே துறையில் நாலைந்து பேருடைய கொள்கை எழுத்துப் பிழை உட்பட ஒன்றாகவே இருப்பதையும் பார்த்திருக்கிறேன். கருத்தொற்றுமை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்!

அந்தப் பக்கமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஓர் ஆசிரியரின் கொள்கையை அறிய நான் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கடைசி வரிசையில் என்ன நடக்கிறது, வருகைப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். இதைப் பேச நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரியின் கடற்கரையை ஒட்டிய நாலைந்து தெருக்களுக்குள்ளேயே போதுமான சரக்கு இருக்கிறது.

முதலில் வ.வே.சு. ஐயர். 1910-இல் ஆங்கிலேய அரசின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். பத்தாண்டுகள் இங்கே இருந்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தது இங்கிருந்துதான். பாரதியும் அரவிந்தரும் இந்த ஊரில் இருந்த காலம் அது. படிப்பு, மொழியறிவு, துணிவு, தியாகம் என்று எதை வைத்து அளந்தாலும் அவருக்குப் பக்கத்தில் நிறுத்த அன்று அதிகம் பேர் இல்லை. தமிழகம் திரும்பியபின் 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் ஒரு குருகுலம் தொடங்கினார். பிறகு அது சேரன்மாதேவிக்கு இடம் பெயர்ந்தது. தமிழ்வழிக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி, நாட்டுப்பற்று எல்லாம் சேர்ந்த பள்ளி. இன்று நம்மில் யாராவது அப்படி ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தால் முதல் பரிசு கிடைக்கும்.

அந்தப் பள்ளி சாப்பாட்டுப் பந்தியில் உடைந்தது. பிராமணச் சிறுவர்கள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு. பெற்றோர் கேட்டார்கள், சேர்க்கும்போது ஐயர் வாக்குக் கொடுத்துவிட்டார். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, ஐயாயிரம் கொடுத்திருந்தது. செய்தி வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். மீதிப் பணம் நின்றது. காந்தியடிகள் வரை வழக்குப் போயிற்று. கொடுத்த வாக்குக்காக அந்த இருவரை மட்டும் விட்டுவிட்டு, இனிமேல் சேர்பவர்களுக்குத் தனிப்பந்தி கூடாது என்ற அளவில் காந்தியடிகள் ஒரு சமரசம் சொன்னார். யாருக்கும் நிறைவில்லை. 1925 ஜூன் மாதம் பாபநாசம் அருவியில், தண்ணீரில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து ஐயர் உயிரிழந்தார். அந்த மரணத்தின் துயரத்தில் பந்திக் கதையைப் பேசாமல் விட்டவர்களும் உண்டு, பந்திக் கதையை வைத்துக்கொண்டு ஐயரின் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டவர்களும் உண்டு.

நான் இரண்டையும் செய்யப் போவதில்லை. ஆசிரியர்கள் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது வேறு. ஐயருக்குக் கொள்கை இல்லாமல் இல்லை. வேண்டிய மட்டும் இருந்தது. இரண்டு பெற்றோர் வந்து நின்று கேட்டபோது முடியாது என்று சொல்வதற்கு அது உதவவில்லை. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவர், சேர்க்கை நாளன்று ஒரு சங்கடமான பேச்சைத் தவிர்த்துக்கொண்டார். இது நமக்குத் தெரியாத தடுமாற்றமா? தன் பிள்ளையை இன்ன பையன் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள் என்று ஒரு பெற்றோர் மெல்ல வந்து சொல்கிறார். அவர் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் முக்கியமானவர். இடத்தை மாற்றிவிட்டால் பிரச்சினை முடிந்தது. சத்தமே இல்லாமல் நடந்துவிடும். மற்றப் பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் அது ஏன் நடந்தது என்று தெரியும்.

சேரன்மாதேவிப் பூசல் ஓய்ந்து ஐந்தாண்டுக்குள், 1930-இல், இந்தப் புதுச்சேரியில் பிரெஞ்சு நிருவாகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. காமராசரின் மதிய உணவுத் திட்டம் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்னால். நம் ஊர்க்காரர்களுக்கே பலருக்கு இது தெரியாது. அந்தப் பந்தியில் எந்தப் பிள்ளை எந்த இடத்தில் உட்கார்ந்தது, சமைத்தது யார், பரிமாறியது யார் என்று இங்கே இருக்கும் ஆய்வு மாணவர் யாராவது பழைய ஆவணங்களில் தேடி எழுத வேண்டும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று என்னிடம் வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். பிரெஞ்சு தெரிய வேண்டுமே என்று திரும்பிப் போய்விடுகிறார்கள்.

அந்த 1930-இல் பிரெஞ்சு அரசின் பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்தவர் கனகசுப்புரத்தினம். நமக்கெல்லாம் பாரதிதாசன். கல்வே கல்லூரியில் தமிழ் படித்து, 1909-இல், பதினெட்டு வயதில், காரைக்காலை அடுத்த நிரவியில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1946-இல் ஓய்வு பெற்றார். முப்பத்தேழு ஆண்டு. இடையில் எத்தனையோ ஊர்மாற்றம், மேலதிகாரிகளோடு எத்தனையோ உரசல். அரசு ஊழியர் என்பதால் பல புனைபெயர்களுக்குள் புகுந்துகொண்டு எழுதினார். பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் நாளை மாலை நிகழ்ச்சி முடிந்ததும் நடந்தே போய்ப் பார்க்கலாம்.

பாரதிதாசனைப் பற்றி நம்மிடம் நூற்றுக்கணக்கான ஆய்வேடுகள் இருக்கின்றன. புரட்சிக்கவிஞர், பகுத்தறிவுக் கவிஞர், இயற்கைக் கவிஞர். வாத்தியார் கனகசுப்புரத்தினத்தைப் பற்றிய ஆய்வேடுகளை விரல்விட்டு எண்ணலாம். 1946 ஜூலையில் சென்னையில் அறிஞர் அண்ணா முன்னின்று அவருக்கு இருபத்தையாயிரம் ரூபாய் பொற்கிழி வழங்கினார். அது கவிஞருக்குக் கிடைத்த கிழி. அதே ஆண்டு வகுப்பறையை விட்டு வெளியே வந்த வாத்தியாரை நாம் இன்னும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

ஏன் அவரை இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன் என்று கேட்கலாம். ஐயருக்குத் தன் குருகுலம் இருந்தது. பாரதிதாசனுக்கு அப்படி எதுவும் கிடையாது. வேறு யாரோ வகுத்த பாடத்திட்டம், வேறு யாரோ போட்ட கால அட்டவணை, மேற்பார்வையாளர், மாதச் சம்பளம். உங்களில் பெரும்பாலோரின் நிலை அதுதான். அந்த நெருக்கடிக்குள்ளிருந்து அவர் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிப் பாட்டு எழுதினார். குழந்தை வாயில் நுழையும் சொல்லில் எழுதினார். தினமும் குழந்தைகளுக்கு எதிரில் நின்ற வாயிலிருந்து வந்த தமிழ் அது. அவருடைய எளிமைக்கு யாப்பிலக்கணத்தில் காரணம் தேடுகிற நண்பர்கள் கொஞ்சம் கரும்பலகைப் பக்கமும் தேடலாம்.

அரவிந்தரைச் சொல்லாமல் புதுச்சேரியில் கல்வி பற்றிப் பேசிவிட்டு யாரும் கீழே இறங்க முடியாது. அவரும் பரோடாவிலும் கல்கத்தாவிலும் ஆசிரியராக இருந்தவர்தான். புதுச்சேரிக்கு வருவதற்குச் சற்று முன் எழுதிய கட்டுரைகளில், ஆசிரியர் என்பவர் அறிவை ஊட்டுகிறவர் அல்லர், பிள்ளை தானே அறிந்துகொள்வதற்குத் துணை நிற்பவர் என்ற கருத்தை வைத்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை 1943 டிசம்பர் 2-ஆம் நாள் ஏறத்தாழ இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பள்ளியைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1952-இல் பல்கலைக்கழக மையமாகி, 1959 முதல் அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையம் என்ற பெயரில் நடக்கிறது. அங்கே பட்டம் தருவதில்லை. மாணவர் தன் வேகத்தில், தன் விருப்பத்தில் படிக்கிறார். பெண்கள் விளையாட்டு மைதானத்துக்கு வரத் தயங்கிய காலத்திலேயே அங்கே பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் ஒரே உடற்பயிற்சி செய்தார்கள்.

இவ்வளவு பெரிய சோதனை நம் ஊரிலேயே நடந்துகொண்டிருக்க, அரசுப் பள்ளி ஆசிரியர்கள் எத்தனை பேர் அதை உள்ளே போய்ப் பார்த்திருப்போம்? ஒரு மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு நாடுகளைப்போல இருந்துவிட்டோம். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சான்றிதழ் வேண்டாம் என்று சொல்வதற்குக் குடும்பத்தில் கொஞ்சம் வசதி வேண்டும். வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுப் பையனுக்கு மதிப்பெண் பட்டியல் ஒரு பிடிமானம். அவனிடம் போய்த் தேர்வு அற்பமானது என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2023-24 கல்வியாண்டில் நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியபோது மிகவும் திணறியதும் அந்தப் பையன்தான்.

அவனைப் போன்ற ஒருவனை நான் பார்த்தேன். பி.எட். மாணவர்களின் கற்பித்தல் பயிற்சியை மதிப்பிட ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தபோது, பயிற்சி மாணவி தன் பாடக்குறிப்பேட்டைக் கொடுத்தார். முதல் பக்கத்தில் ஒவ்வொரு குழந்தையும் ஒரு மலர் என்று வண்ணப் பேனாவில் எழுதி, பக்கத்தில் மலரும் வரைந்திருந்தார். வகுப்பும் நன்றாகவே போயிற்று. கேள்விகள் எல்லாம் முதல் இரண்டு வரிசைக்குப் போயின, பதில்களும் அங்கிருந்தே வந்தன. கடைசி வரிசையில் சன்னல் ஓரம் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். வகுப்பாசிரியை வைத்திருந்த பட்டியலில் அவன் பெயருக்கு நேரே ‘மெல்லக் கற்பவர்’ என்று இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அந்த அம்மையாரின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். காலையில் எல்லாருக்கும் பென்சிலில் புள்ளி வைக்கிறார். முதல் பாடவேளை முடிந்தபிறகுதான் பேனாவால் எழுதுகிறார். ஏன் என்று கேட்டதற்கு, “படகு கரைக்கு வந்தா கூடை தூக்கிட்டுத்தான் வர்றாங்க சார். லேட்டானா ஆப்சென்ட் போட்டுடுவோம்னு பயந்து சில பேரு வராமலே நின்னுடுறாங்க” என்றார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை; அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

ஆய்வுக்கு வரும் அதிகாரி அந்தப் பென்சில் புள்ளியைக் குறையாகத்தான் எழுதுவார். விதியும் அவர் பக்கம்தான். நான் அதை ஓர் ஆசிரியரின் கற்பித்தல் கொள்கை என்று குறித்துக்கொண்டேன்.

நம் மரபில் இந்த வகை நுட்பம் புதிதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நல்லாசிரியர் இலக்கணத்தோடு நிறுத்தவில்லை. ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கும் உவமை சொல்லி வைத்தார். அதில் ஒன்று முடத்தெங்கு: தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் தோட்டத்தில் வேரை வைத்துக்கொண்டு, வளைந்து போய் அடுத்தவன் தோட்டத்தில் காயைப் போடுகிற தென்னை. பகலில் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, முழுத் திறமையையும் மாலை டியூஷனுக்குச் சேமித்து வைக்கிறவரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சமண முனிவர் எப்படிப் பார்த்துவிட்டார் என்று எனக்கு இன்றும் வியப்புத்தான். நம் கட்டுரைச் சுருக்கங்களில் நன்னூலை மேற்கோள் காட்டியவர்கள் எல்லாரும் நல்லாசிரியருக்கு உவமையான நிலத்தையும் மலையையும் சொல்லியிருக்கிறார்கள். தென்னைமரத்தை யாரும் தொடவில்லை.

மாணவர் பக்கத்திலிருந்தும் ஒரு செய்தி. இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்கிராமத்தில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அங்கே படித்த எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைப் போன்றவர்களைத் தேர்வில் தள்ளிவிட்ட ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக 1967-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். யார் யார் தோற்கிறார்கள், அவர்களுடைய அப்பாக்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுத்துக் காட்டினார்கள். ஆசிரியரின் கொள்கை மாணவர் பக்கமிருந்து எப்படித் தெரிகிறது என்பதற்கு அதைவிட நேரான ஆவணம் எனக்குத் தெரியாது. இரண்டு நாளும் நாம் பேசப்போவது முழுக்க நம் பக்கத்துக் கதை. மாணவர் ஒருவரும் நிகழ்ச்சி நிரலில் இல்லை. அமைப்பாளர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டாவது ஓர் அமர்வை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.

கட்டுரையாளர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். உங்களுக்குத் தரப்பட்டிருப்பது பதினைந்து நிமிடம். கல்வியின் வரையறையை இந்த அவை அறியும். அதை விட்டுவிட்டு, உங்கள் வகுப்பில் நீங்கள் நேரில் செய்த ஓர் ஏற்பாட்டை, யாரை எங்கே உட்கார வைத்தீர்கள், எந்த விதியை எவ்வளவு தூரம் நெகிழ்த்தினீர்கள், எந்தப் பெற்றோரிடம் முடியாது என்று சொன்னீர்கள் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். கலந்துரையாடலில் ஒலிவாங்கி முதலில் பின்வரிசைக்குப் போகட்டும். அமர்வுத் தலைவர்களிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறேன்.

மதியச் சாப்பாடு கீழ்த்தளத்தில் என்று சொன்னார்கள். விருந்தினர்களுக்கு மேலே தனி அறையில் ஏற்பாடு இருப்பதாகவும் சொன்னார்கள். நான் கீழேயே சாப்பிட்டுக்கொள்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.