பூவைப் பார்க்காதீங்க, கன்றைப் பாருங்க

(கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



உள்கடன் வாங்கி அழகுச்செடி நர்சரி போடப் போற குழுக்கள், புரோமிலியாட்ல எந்த ரகம் வாங்கலாம்னு கேட்டீங்க. வேற ஒண்ணுமில்ல, அன்னாசியோட குடும்பம்தான்.

நானே ஒருமுறை ஏமாந்திருக்கேன். செக்கச்செவேல்னு பூத்த குஸ்மேனியா ரெண்டு வாங்கினேன். சில மாசத்தில் பூ வாடி, செடியும் காய ஆரம்பிச்சது. பராமரிப்பு சரியில்லைன்னு நினைச்சேன். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. நம்ம வாழை மாதிரி இதுவும் ஒரே தடவைதான் பூக்கும். அடியில் கன்று விட்டுட்டு தாய்ச்செடி மெல்ல மடிஞ்சிடும். அதனால பூக்காத இளஞ்செடியோ, கன்று விட்ட செடியோ பார்த்து வாங்குங்க. தாயில் மூணில் ஒரு பங்கு வளர்ந்த கன்றைப் பிரிச்சு நடலாம்.

கலப்பின ரகத்தை விதையில் வளர்த்தால் தாயைப் போல வராது. கன்றில்தான் அதே நிறம் கிடைக்கும்.

குஸ்மேனியாவுக்கு நிழலும் ஈரக்காற்றும் வேணும். வறண்ட ஊர்க்காரங்க அதை விட்டுடுங்க. நியோரெகேலியாவுக்கு நல்ல வெளிச்சம் இருந்தாத்தான் இலை நிறம் ஏறும். சாம்பல் பட்டை போட்ட ஏக்மியா ஃபேசியாட்டா கொஞ்சம் காய்ச்சலைத் தாங்கும். பூவும் மாசக்கணக்கில் நிற்கும்.

இலை நடுவில் தேங்கும் தண்ணியை வாரம் ஒருமுறை மாத்துங்க, கொசு வரும். செம்பு இந்தச் செடிக்கு ஆகவே ஆகாது. போர்டோ கலவையைத் தப்பித்தவறியும் தெளிச்சிடாதீங்க.

கன்று பிரிச்சு விற்கிற வரைக்கும் வரவு இருக்காது. கடன் தவணையை அதுக்கேத்த மாதிரி தீர்மான நோட்டில் எழுதிக்கோங்க.